பெறுபவர் இருவர்

விமலாவின் மணிக்கட்டை முறித்தது மாடிப்படி இல்லை, இந்திரகுமாரின் கை என்பதைப் போன வாரமே பார்த்துவிட்டோம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் துருவித் துருவிக் கேட்டபோதும் விமலா மாடிப்படியைத்தான் சொன்னாள். ஹோம்புஷில் அவர்கள் குடியிருக்கும் வீட்டுக்கு மாடியே கிடையாது. பக்கத்தில் நின்ற யோகாவுக்கு அது நன்றாகத் தெரியும். விமலா அவளுக்கு அண்ணி. அடித்தவன் கூடப்பிறந்த அண்ணன்.

அண்ணன் என்றால் என்ன, அடிக்கிற கை அடிக்கிற கைதானே. அண்ணியை அந்த வீட்டிலிருந்து எடுத்துவிடுவது என்று யோகா அன்றைக்கே முடிவு கட்டினாள். மெல்பர்னில் விமலாவின் சித்தி இருக்கிறாள். இந்திரகுமார் எங்காவது தொலைவுக்குப் போயிருக்கும் ஒரு நாளில், மூன்று மணிக்கு, யோகா தன் காரை வீட்டின் பின்கேட்டில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் திட்டம். அந்த நாள் இன்றைக்குத்தான்.

ஸ்ட்ராத்ஃபீல்டில் ரயில் பாதையை ஒட்டிய சந்தில் ஒரு ஷெட். இழுத்து இறக்கும் ஷட்டரைத் தவிர அதற்கு வேறு வாசல் இல்லை. மூத்தவர் சச்சிதானந்தனின் கூரியர் டிப்போ அது. நடுவிலான் இந்திரகுமார் அங்கே வேன் ஓட்டுகிறான். கடைக்குட்டி யோகாவுக்கு நகரத்தில் கம்ப்யூட்டர் வேலை. பெரியண்ணனுக்கு ஜாவா மெசேஜிங் சர்வர் ஒன்று போட்டுத் தருகிறேன் என்று லீவு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

அதுவரை டிப்போ நடந்தது வயர்லெஸ்ஸில் கத்தித்தான். சச்சிதானந்தன் தொண்டை கிழியக் கத்துவார், பரமட்டாவுக்குப் போக வேண்டிய பார்சல் பென்ரித்துக்குப் போய்ச் சேரும்.

"இது என்ன பிள்ளை செய்யும்?" என்று கேட்டார் அவர்.

"வாற ஓடரை ஒரு வரிசையில போட்டு வைக்கும், பெரியண்ணா. டிரைவர் எடுக்கும் வரைக்கும் பத்திரமா வைச்சிருக்கும். ஒருத்தர் எடுத்திட்டா வரிசையில இருந்து போயிடும், மற்றவருக்குக் கிடையாது. சர்வர் நிண்டு போனாலும் பயமில்லை. எல்லாம் டிஸ்கில கிடக்கும். திருப்பிப் போட்டா விட்ட இடத்தில இருந்து தொடங்கும்."

"நான் செத்தாலும் ஓடர் போகும் எண்டு சொல்லு."

"ஓம்" என்று சிரித்தாள் யோகா.

முதல் நாள் அது தொடங்கவே மறுத்தது. சுருக்கி வந்த கோப்பை விரித்து, ஸ்டார்ட் கோப்பை அமுக்கினால், கறுப்பு ஜன்னல் ஒன்று தலையைக் காட்டிவிட்டு ஓடி ஒளிந்தது. யோகா தலையில் அடித்துக்கொண்டாள். அந்தப் பழைய கம்ப்யூட்டரில் தன்னை ஓட்டும் ஜாவா மென்பொருள் எந்த இடத்தில் இருக்கிறது என்று சர்வருக்கு யாரும் சொல்லவில்லை. இடத்தைச் சொன்னதும் வரிகள் கடகடவென்று ஓடி, கடைசியில் 'ஸ்டார்ட்டட்' என்று நின்றது. எந்த வரிசையில் எத்தனை செய்தி காத்திருக்கிறது, எத்தனை பேர் பெறுகிறார்கள் என்று காட்டும் ஒரு பக்கமும் திரையில் திறந்தது.

கூடவே பழகிப் பார்க்க இரண்டு மாதிரி நிரல்கள் வந்தன. ஒன்று அனுப்பும், மற்றது பெறும். எல்லோரும் அதில் ஹலோ என்று அனுப்பிப் பார்த்துவிட்டு மறந்துவிடுவார்கள். யோகா மறக்கவில்லை.

ஏனென்றால் விமலாவை வாய் இல்லாத ஜீவனாக்கி வைத்திருந்தான் இந்திரகுமார். வெளியே போகும்போது முன்கதவைப் பூட்டுவான். வீட்டு ஃபோனைக் கழற்றி, அவளுடைய செல்ஃபோனையும் சேர்த்து வேனில் எடுத்துக்கொண்டு போவான். இமெயிலை ஒரு நாள் தவறாமல் திறந்து பார்ப்பான். கம்ப்யூட்டரை மட்டும் விட்டுவைத்தான். கை முறிந்தவள் மற்றக் கையால் ஆர்டர்களைத் தட்டி டிப்போவுக்கு அனுப்ப வேண்டுமே. என்ன நல்ல மனசு பாருங்கள்.

அந்தக் கம்ப்யூட்டரில் நிரலை ஏற்றப் போன யோகா, அண்ணிக்கு இரண்டு வரிசைகளை வைத்துக் கொடுத்தாள். 'சோதனை' என்ற வரிசையில் விமலா அனுப்பினால் யோகாவின் லேப்டாப்புக்கு வரும். 'பதில்' என்ற வரிசையில் யோகா அனுப்பினால் விமலாவுக்குப் போகும். எடுத்துப் படித்ததும் வரிசையிலிருந்து மறைந்துவிடும். பின்கதவுச் சாவிக்கு நகல் எடுத்தது முதல் எல்லாம் அப்படித்தான் பேசி முடிந்தது. இந்திரகுமார் மேசையில் பூட்டி வைத்திருந்த விமலாவின் பாஸ்போர்ட்டையும் யோகா கிளப்பிவிட்டாள். சர்வர் பெட்டியின் மூடியைக் கழற்றி, உள்ளே டிஸ்குக்குப் பக்கத்தில் அதைச் செருகி, திருகாணியை முடுக்கினாள். அவளைத் தவிர அந்தப் பெட்டியை யார் திறக்கப் போகிறார்கள்?

இன்று காலை டிரைவர்களின் கைக்கருவிகளில் பெறும் நிரலை ஏற்றினாள். எந்தெந்த வரிசையைப் பெறுவது என்று சொல்லும், தன் லேப்டாப்பில் இருந்த அமைப்புக் கோப்பையே நகல் எடுத்து, ஒவ்வொரு கருவியிலும் போட்டு, வேண்டாத வரியை அழித்துக்கொண்டே வந்தாள். கடைசியாக இந்திரகுமாருடைய கருவி. அவன் மேசையை முஷ்டியால் குத்திக்கொண்டு நின்றான்.

"கெதியா முடியடி. உன்ர விளையாட்டுக்கு நான் காவல் நிக்க ஏலாது."

ஒவ்வொரு குத்துக்கும் கீபோர்டு துள்ளியது. யோகா அரக்கப்பரக்க முடித்து நீட்டினாள். கருவி கூவியது. முதல் வேலை, ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்கு ஒரு பெட்டி. உள்ளே கற்பூரமும் விளக்குத் திரியும். வாங்கிக் கட்டி வைத்தவளே யோகாதான்.

"அவ்வளவு தூரமோ" என்று முறைத்துவிட்டு இந்திரகுமார் வேனை எடுத்தான்.

மற்ற வேன்களும் போன பிறகு லேப்டாப்பில் ஒரு செய்தி வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ்.

'அவர் கிளம்பிட்டாரா?'

'ஓம் அண்ணி. பயப்பிடாம சாப்பிடுங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்' என்று அனுப்பினாள் யோகா.

அடுத்த செய்திக்குக் காத்திருந்தாள். சாவி பொருந்துகிறதா என்று விமலா சொல்ல வேண்டும். ஒன்றும் வரவில்லை. தேத்தண்ணீர் ஆறிப்போனது. மனசு கேட்காமல் சர்வர் திரையைப் போய்ப் பார்த்தாள்.

'சோதனை' வரிசையில் இன்றைக்கு வந்த செய்தி இரண்டு. எடுக்கப்பட்டது இரண்டு. காத்திருப்பது பூஜ்யம். அவள் படித்ததோ ஒன்றுதான்.

அடுத்த கட்டத்தைப் பார்த்தாள். பெறுபவர் இருவர்.

ஒரு வரிசையை இரண்டு பேர் பெற்றால், சீட்டுப் போடுகிற மாதிரி ஒன்றை இவருக்கும் ஒன்றை அவருக்கும் கொடுத்துக்கொண்டே போகும் அந்த சர்வர். முதல் செய்தி அவளுக்கு வந்தது. இரண்டாவது யாருக்குப் போனது? பெயரை அமுக்கினாள். இந்திரகுமாரின் கைக்கருவி. மற்ற எல்லாக் கருவிகளிலும் 'சோதனை' என்ற வரியை அழித்தவள், மேசைக் குத்துகளுக்கு நடுவே அவனுடையதில் அழிக்காமல் விட்டுவிட்டாள். பாவி, என்ன வேலை செய்துவிட்டேன் என்று வாய்விட்டே சொன்னாள்.

லேப்டாப்புக்கு ஓடி, 'பதில்' வரிசையில் தட்டினாள். 'அண்ணி, அவனுக்குத் தெரிஞ்சிட்டுது. மூண்டு மணி பாக்காதேங்கோ. இப்பவே பின்கதவால வெளிக்கிடுங்கோ.'

சர்வர் திரையில் 'பதில்' வரிசைக்கு நேரே ஒன்று என்று விழுந்தது. விமலா இன்னும் எடுக்கவில்லை. சமைக்கிறாளோ, குளிக்கிறாளோ. யோகா கார் சாவியை எடுத்துக்கொண்டு ஷட்டர் பக்கம் பாய்ந்தாள். அதற்குள் சந்து வாயை அடைத்துக்கொண்டு வேன் வந்து நின்றது.

இந்திரகுமார் இறங்கினான். ஒரு கையில் கைக்கருவி, மற்றக் கையில் சக்கரம் கழற்றும் வீல் ஸ்பேனர்.

"சின்னண்ணா, நான் சொல்றதை..."

அறைந்த அறையில் யோகா மேசை விளிம்பில் போய் விழுந்தாள். வாய்க்குள் ரத்தம் கரித்தது. அவன் கருவியைத் தூக்கிப் பிடித்து, நிதானமாக வாசித்தான்.

"'யோகா, பின்கதவுச் சாவி பொருந்துது. மூணு மணிக்கு ரெடியா இருப்பேன். பாஸ்போர்ட் உன்கிட்ட பத்திரம்தானே?'"

வாசித்துவிட்டுக் கருவியை அவள் காலடியில் எறிந்து நொறுக்கினான்.

"எங்கையடி பாஸ்போர்ட்? மூண்டு மணிக்கு இன்னும் நேரம் கிடக்கு. அதை வாங்கிக்கொண்டு போய்த்தான் அவளைக் கவனிக்கிறது."

அலமாரிகளுக்குப் பின்னாலிருந்து சச்சிதானந்தன் ஓடி வந்தார். வந்தவர் தங்கையின் வாயைப் பார்த்தார், தம்பியின் கையிலிருந்த இரும்பைப் பார்த்தார்.

"விடடா தம்பி. சனம் பாக்குது" என்றார். பிறகு போய் ஷட்டரை இழுத்து இறக்கினார்.

அடியை நிறுத்தவில்லை ஐயா, அடி வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டார். குடும்ப மானமாம். அவருடைய இத்தனை வருஷத்துப் பெரிய மனுஷத்தனமும் அந்த ஷட்டருக்குள்தான் இருந்தது.

இந்திரகுமார் யோகாவின் கைப்பையைக் கவிழ்த்து உதறினான். இல்லை. தலைமயிரைப் பிடித்துத் தூக்கினான்.

"எங்க?"

யோகாவின் கண் சர்வர் திரைக்குப் போனது. 'பதில்' வரிசையில் இன்னும் ஒன்று. அந்த ஒன்று இருக்கும் வரை விமலா வீட்டுக்குள் இருக்கிறாள். இவன் இப்போது இங்கிருந்து போனால் அவளைக் கொன்றுவிடுவான். போகவிடக் கூடாது, எத்தனை அடி விழுந்தாலும் சரி என்று பல்லைக் கடித்தாள்.

"மேல் தட்டில, நீலப் பெட்டிக்குள்ள" என்றாள்.

நீலப் பெட்டி ஒவ்வொன்றாகத் தரையில் வந்து விழுந்து பிளந்தது. இல்லை. திரும்பி வந்து வயிற்றில் உதைத்தான். யோகா மடங்கி, மூச்சு வராமல் திணறினாள். திரையில் ஒன்று.

"பொய் சொன்னனான். ஓடர்த் தாள் ராக்கைக்குப் பின்னால."

அந்த ராக்கை அலமாரியையே பிடித்துச் சரித்தான். அது விழுந்த வேகத்தில் அவள் தோளைக் கிழித்துக்கொண்டு போனது. திரையில் ஒன்று. படிச்சுத் தொலையுங்களேன் அண்ணி என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். இன்னொரு தடவை அனுப்பலாம் என்று லேப்டாப்புக்குத் தவழ்ந்து போய்க் கீபோர்டில் கை வைத்தாள். இந்திரகுமார் மூடியை அடித்துச் சாத்தி, அதன் மேல் முழங்காலை ஊன்றினான். விரல்கள் உள்ளே நெரிந்தன. யோகா போட்ட கூச்சலில் சச்சிதானந்தன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு காதைப் பொத்தினார்.

கண்ணீருக்குள்ளால் யோகா திரையைப் பார்த்தாள். பூஜ்யம்.

எடுத்துவிட்டாள். படித்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே 'சோதனை' வரிசையில் ஒன்று என்று விழுந்தது. விமலா பதில் அனுப்பியிருக்கிறாள். அதை எடுக்க இவன் கருவியும் இல்லை, இவள் லேப்டாப்பும் இல்லை. செய்தி அங்கேயே நின்றது.

ரத்தம் வழியச் சிரிக்கிறவள் எதைப் பார்க்கிறாள் என்று இந்திரகுமாரும் திரும்பினான்.

"ஓ. இதுக்குள்ளாலதானே கதைச்சனீங்கள்."

வீல் ஸ்பேனர் முதலில் திரையில் இறங்கியது, பிறகு பெட்டியில். தகரம் உள்வாங்கும் வரை அடித்தான். விசிறி நின்றது. அதற்கும் ஆத்திரம் அடங்காமல் பெட்டியை மிதித்துவிட்டு, ஷட்டரைத் தூக்கி வெளியே போனான்.

"பாஸ்போர்ட் இல்லாட்டியும் பரவாயில்லை. அவளுக்குக் கால் இருந்தாத்தானே போவாள்."

வேன் சீறிக்கொண்டு ஹோம்புஷ் பக்கம் போனது. சச்சிதானந்தன் தங்கைக்குப் பக்கத்தில் வந்து குந்தினார். என்ன செய்வது என்று தெரியாமல் ரத்தத்தைத் துடைக்கக் கைலேஞ்சியை எடுத்து நீட்டினார்.

"ஷட்டரை இறக்கினீங்கள், பெரியண்ணா" என்றாள் யோகா.

அவர் முகம் கோணியது.

"பொலிசுக்கு எடுங்கோ. உங்கட வாயாலயே சொல்லுங்கோ."

எடுத்தார். என் தம்பிதான் என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஹோம்புஷ் விலாசத்தைக் கொடுத்தார்.

"வீட்டுக்குப் போகினமாம் பிள்ளை."

"வீட்டில அண்ணி இல்லை. வெளிக்கிட்டிட்டா. எங்க எண்டது இதுக்குள்ள கிடக்கு" என்று நசுங்கிய பெட்டியைக் காட்டினாள். "திருப்புளியை எடுங்கோ. என்ர வலக்கை வேலை செய்யாது. உங்கட விரல் வேணும்."

சச்சிதானந்தன் தன் வாழ்நாளில் கம்ப்யூட்டரைத் தொட்டவரில்லை. திருப்புளியால் திருகாணியைக் கழற்றி, நெளிந்த மூடியை நெம்பித் திறந்தார். டிஸ்குக்குப் பக்கத்தில், ஒரு மூலை மடங்கி, பாஸ்போர்ட் இருந்தது. அதைப் பார்த்தார், யோகாவைப் பார்த்தார். எடுத்து அவள் மடியில் வைத்தார்.

டிஸ்கைக் கேபிளில் மாட்டி லேப்டாப்பில் செருகச் சொன்னாள். லேப்டாப் உயிரோடுதான் இருந்தது. சர்வரின் கோப்பை மறுபடி விரிக்க வேண்டும், ஜாவா இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும், பழைய டிஸ்கிலிருந்த செய்திகளின் கோப்புறையைப் புதியதற்குள் கொண்டுவர வேண்டும். யோகா சொல்லச் சொல்ல, பெரியண்ணன் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அமுக்கினார். எழுத்துகளின் மேலெல்லாம் யோகாவின் ரத்தம்.

"அவன்ர கருவி உடைஞ்சுது. இனி ஆரும் பங்குக்கு வர மாட்டினம். ஸ்டார்ட்டை அமத்துங்கோ."

கறுப்பு ஜன்னல் வந்தது. வரிகள் ஓடின. 'ஸ்டார்ட்டட்'. பக்கத்தைத் திறந்தார்கள். 'சோதனை' வரிசையில் ஒன்று காத்திருந்தது. பெறுபவர் எவருமில்லை.

"இப்ப பெறும் நிரலை ஓட விடுங்கோ."

சச்சிதானந்தன் அமுக்கினார். விமலாவின் செய்தி வந்து விழுந்தது.

'கிளம்பிட்டேன். அவர் முதல்ல உன்னைத்தான் அடிப்பார்னு எனக்குத் தெரியும். உன்னை விட்டுட்டு நான் எங்க போறது? ரயில் பாதையை ஒட்டி நடந்து அங்கதான் வர்றேன்.'

யோகா அதை இரண்டாம் முறை படிக்கவில்லை. போலீஸுக்கு முன்னால் அவன் ஹோம்புஷ் போய்ச் சேர்ந்திருப்பான். வீடு காலி என்று பார்த்ததும் அவன் திரும்பி வரப்போவது இந்த ஒரே இடத்துக்குத்தான். ஐயோ அண்ணி, உங்களை யார் வரச் சொன்னது என்று தவித்தாள்.

ஷட்டரில் தட்டும் சத்தம் கேட்டது. இரும்புச் சத்தம் இல்லை. மாக்கட்டுப் போட்ட கையால் தட்டுகிற மொத்தையான சத்தம்.

சச்சிதானந்தன் ஓடிப்போய்ப் பாதி தூக்கினார். விமலா குனிந்து உள்ளே வந்தாள். செருப்பில்லாத கால்கள், தோளில் ஒரு துணிப்பை. யோகாவின் முகத்தைப் பார்த்ததும் பையை நழுவவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"என்னால, எல்லாம் என்னாலதான்."

"உங்களால இல்லை அண்ணி. ஒரு வரி அழிக்காம விட்டது நான்" என்று அவள் தோளில் முகத்தைப் புதைத்தாள் யோகா.

சந்து முனையில் வேன் திரும்பும் சத்தம் கேட்டது. சச்சிதானந்தனின் கை ஷட்டர் பிடியிலேயே இருந்தது. யோகா அவரைப் பார்த்தாள். சற்று முன் இறக்கியது போலவே அதை இப்போதும் இறக்கத்தான் போகிறார் என்று தெரிந்தது.

இறக்கினார். ஆனால் அதற்கு முன் குனிந்து வெளியே போனார்.

"உள்ளுக்கை இருங்கோ" என்ற குரல் தகரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. பூட்டு மாட்டும் சத்தம் கேட்டது. சாவியைச் சந்துக்கு மறுபுறம் ரயில் பாதைக்குள் வீசியிருக்க வேண்டும், கல்லில் பட்டுக் கிணுங்கியது.

வேன் கதவு திறந்தது.

"திறவுங்கோ அண்ணா." இந்திரகுமாரின் குரல்.

"திறப்பு இல்லையடா தம்பி."

"விலத்துங்கோ."

"மாட்டன்."

யோகா விமலாவின் கட்டுப்போட்ட கையைத் தன் நல்ல கையால் இறுகப் பற்றிக்கொண்டாள். வெளியே வீல் ஸ்பேனர் ஓங்கி விழுந்தது, பெரியண்ணனின் முனகல் கேட்டது. ஷட்டர் அசையவில்லை. தகரத்தில் ஒரு சத்தமும் எழவில்லை.